கரி இனிக்குமா?

நான் எழுதிய மனு தோற்றதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். மாத்தளையில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருந்து, பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக மேசை போட்டு, முப்பத்தொரு வருஷமாகத் தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதுகிறேன். என் மனுவால் மின்கம்பம் நகர்ந்திருக்கிறது, ஓடைக்குப் பாலம் வந்திருக்கிறது. ஜிப்ரியின் மனு என்றால் அரசாங்கக் கந்தோரில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

ஒரே ஒரு மனு தோற்றது. தோற்கடித்தவர் கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்தும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. பல்லேபொல வீதியில் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்யும் சந்திரகாந்தா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வென்றவரைப் பற்றி எழுதத் தோற்றவனை விடத் தகுதியான ஆள் யார்?

சந்திரகாந்தா பிறந்தது ஒரு கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். இருபத்திரண்டு வயதில் நடராஜாவைக் கட்டிக்கொண்டு சூளைக்கு வந்தார். மற்றப் பெண்களைப் போலக் கல் உடைக்கத்தான் சேர்த்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் கல் உடைப்பதை விட்டுவிட்டுச் சூளையையே உடைத்துக் கட்டச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். சூளை முதலாளி சிங்களவர், நல்ல மனிதர். ஆனால் தகப்பனிடமிருந்து அவருக்குச் சூளை வந்ததே தவிர, சூளை அறிவு வரவில்லை. அது சந்திரகாந்தாவிடம் போய்ச் சேர்ந்தது.

விறகு ஓர் அடுக்கு, சுண்ணாம்புக் கல் ஓர் அடுக்கு என்று கட்டி, அடியில் தீ வைத்தால் மூன்று நாள் எரியும். முதல் நாள் புகை கறுத்து வரும். இரண்டாம் நாள் சாம்பல் நிறம். மூன்றாம் நாள் புகையே தெரியாமல், சூளைக்கு மேலே வெயில் மட்டும் நடுங்கும். எப்போது திறப்பது என்று சொல்வது சந்திரகாந்தாதான். திறந்ததும் ஒரு கல்லை எடுத்து நாக்கு நுனியில் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார். வெந்த கல் நாக்கைச் சுரீரென்று பிடிக்கும், வேகாத கல் சும்மா கிடக்கும். உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார். நாக்குப் புண்ணாகிப் போகும் என்று நடராஜா இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாக்குப் புண்ணானதாகத் தெரியவில்லை. அதனால் புண்ணானவர்கள் சிலர் உண்டு, அவர்களில் நானும் ஒருவன்.

சூளையில் பத்தொன்பது பேர் வேலை. பின்னால் இருக்கும் ஆறு அறைகளில் ஆறு குடும்பம். அதில் ஒன்று சந்திரகாந்தாவுடையது. மகள் தினுஷா அங்கேயிருந்துதான் உயர்தரம் படித்தாள். சூளை நின்றால் வேலையும் போகும், தலைக்கு மேலே இருக்கும் கூரையும் போகும்.

வீதிக்கு இந்தப் பக்கம், சூளைக்குக் கீழே இறங்கும் சரிவில், முத்தலிப் ஹாஜியாரின் தோடம்பழத் தோட்டம், ஆரஞ்சு என்பார்களே அதுதான். அறுபது மரம். புடைவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே நட்டது. ஹாஜியாருக்குச் சீனி வருத்தம். ஒன்பது வருஷமாக வாயில் இனிப்பு வைத்ததில்லை. ஆனாலும் பழக் காலத்தில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் கையில் பழத்தைத் திணித்து, அவர்கள் தின்னும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மனிதருடைய சந்தோஷமே அதுதான். ஆகவே அவர் மரங்களுக்கு ஒன்று வந்தால் அவர் சும்மா இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

போன வருஷம் ஆனி மாதம் அது வந்தது. மழை இல்லாத நாட்கள். மேல் வரிசை மரங்களின் இலை கறுக்க ஆரம்பித்தது. பத்து நாளில் இருபது மரம், ஒரு மாதத்தில் நாற்பது. இலையின் மேல்பக்கம் மட்டும் அடுப்பில் வைத்த சட்டியின் அடியைப் போல் கறுத்திருந்தது. வானத்திலிருந்து யாரோ கரியைத் தூவிவிட்டார்கள் என்றே யாரும் சொல்வார்கள். காயெல்லாம் அழுக்குப் பிடித்துத் தொங்கியது. ஊரில் ஒருவர் "கரி பிடிச்சிரிக்கி" என்றார். அடுத்தவரும் கரி என்றார். கரி என்று சொன்ன பிறகு, அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்க ஆள் தேவையா? மேட்டைப் பார்த்தால் சூளை, சூளையைப் பார்த்தால் புகை. பெயரே சாட்சி சொல்லிவிட்டது.

ஹாஜியார் என் மேசைக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஜிப்ரி, எண்ட மரம் பூராக் கறுத்துப் போச்சி. இனி எழுதத்தான் வேணும்" என்றார். நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் கோளாறு. மாத்தளை மண்ணின் பசுமையைத் தின்னும் கரும்புகை என்று ஆரம்பித்து, சூரியனே கண்ணை மூடிக்கொள்ளும் காலைகள் என்று ஒரு வரி. சிங்களத்தில் அது இன்னும் அழகாக இருக்கும். எழுதி முடித்து நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மனு வேலை செய்தது. பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை சூளைக்குத் தீ வைக்கக் கூடாது; விசாரணை இருபத்தைந்து நாளில், தோட்டத்திலேயே நடக்கும்; முறைப்பாடு சரி என்று கண்டால் சூளையை நிரந்தரமாக மூட வேண்டும். முதலாளி பயந்துபோனார். விற்றுவிட்டு மகனோடு கொழும்புக்குப் போய்விடலாமா என்று யோசித்தாராம். சூளை அணைந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சந்திரகாந்தா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. கை இரண்டும் முழங்கைவரை வெள்ளைப் புள்ளி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனுவ நீங்கதான் எழுதுனீங்களா நானா?"

எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமாம் என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"முதலாளி வாசிச்சுக் காட்டுனாரு. சூரியன் கண்ண மூடிக்கிச்சுன்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மரத்தப் பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியை முப்பத்தொரு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் படிவம் நிரப்புகிற பலீல் தலையைத் தூக்கிப் பார்த்தான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உண்மையைச் சொன்னால், கோபம் ஏறியது அவர் கேட்டது சரி என்பதால்தான். மேசையைப் பூட்டினேன், ஒரு திரீவீலரைக் கூப்பிட்டேன், வாங்க போய்ப் பார்ப்போம் என்றேன். அவரைத் தோட்டத்தில் வைத்து மடக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஹாஜியார் எங்களை ஒன்றாகப் பார்த்துத் திகைத்துப்போனார். அவர் மனைவி கைறுன்னிஸா ராத்தா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சந்திரகாந்தா வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஒரு மரத்தடிக்குப் போனார். ஒரு கறுத்த இலையைப் பிய்த்து, பெருவிரலால் தேய்த்தார். விரலை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க. எங்க புகைக்கரின்னா விரல்ல அப்பி, சோப்புப் போட்டாலும் போகாது. இது தோலா உரியுது."

உண்மைதான். வெயிலில் காய்ந்த இடத்தில் நகத்தால் கிள்ளினால் கறுப்பு மெல்லிய தாளாக உரிந்து வந்தது. அடியில் இலை பச்சையாக இருந்தது. எனக்கு உள்ளே சின்னதாக ஒன்று சரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. வெயில் பட்டால் கரியும் அப்படித்தான் ஆகும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் கைறுன்னிஸா ராத்தாவிடம் போய், ஹாஜியாருடைய வெள்ளைச் சாரன்கள் கொடியில் கறுத்ததுண்டா என்று கேட்டார். ராத்தா யோசித்துப் பார்த்தார். கறுத்ததில்லை, சூளை எரிகிற நாளில் வெள்ளைத் தூசிதான் படியும், உதறினால் போய்விடும் என்றார். ஹாஜியார் மனைவியைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

அதற்குள் சந்திரகாந்தா மரத்தடியில் குந்தியிருந்தார். தண்டில் எறும்புகள் சாரி சாரியாக ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. இலை தின்னாத எறும்புக்குக் காயும் இல்லாத கிளையில் என்ன வேலை என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். எறும்பு போன வழியைக் கண்ணால் பிடித்து, ஒரு கிளையை வளைத்து, இலையைத் திருப்பினார். அடிப்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, எள்ளை ஒட்டவைத்தது போலப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன முண்டுகள். அவற்றுக்குக் கீழே இருந்த இலை எண்ணெய் தடவியதாகப் பளபளத்தது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சூளைக் கல்லைத் தொடுவது போலவே, அந்த இலையை நாக்கு நுனியில் தொட்டார்.

இன்னொரு இலையைப் பிய்த்து என்னிடம் தந்தார்.

"நக்கிப் பாருங்க நானா."

நான் தயங்கினேன். ஜிப்ரி இலை நக்கினான் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால் அதை நிறுத்த இன்னொரு மனுதான் எழுத வேண்டும். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. நக்கினேன். இனித்தது. சந்தேகமில்லாமல் இனித்தது.

"கரி இனிக்குமா?" என்றார் சந்திரகாந்தா.

அந்த நிமிஷத்தில் என் மனு தோற்றுவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. ஹாஜியாருக்குத் தெரியவில்லை, அவர் நக்க மறுத்துவிட்டார். சீனி வருத்தக்காரன் நான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றைக்கே சந்திரகாந்தா பத்து இலையை ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிக் கமநல சேவை நிலையத்துக்குப் போனார். அங்கே விவசாயப் போதனாசிரியராக இருக்கும் அஸ்ராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவுடனே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த முண்டுகள் செதிற்பூச்சி. அவை இலையின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். கீழே இருக்கும் இலையின் மேல் அது சொட்டும். அந்த இனிப்பில் ஒரு பங்கசு வளரும், அதுதான் கறுப்பு. கரும்பூஞ்சணம் என்று அதற்குப் பெயர். எறும்பு இனிப்புக்காக அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும். தின்ன வருகிற வேறு பூச்சிகளை விரட்டும். பூச்சி போனால் இனிப்புப் போகும், இனிப்புப் போனால் பங்கசு தானாக உதிர்ந்துவிடும். மரம் சாகாது.

பங்கசு என்ற சொல்லைச் சந்திரகாந்தா அன்றுதான் கேட்டார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து நடராஜாவிடம் சொன்னபோது, அவர் "பங்குக் காசா, யாருக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கஷ்டத்திலும் அந்தக் குடும்பம் அன்றைக்குச் சிரித்தது.

ஆனால் அஸ்ரா இன்னொன்றும் சொல்லியிருந்தார். இது கரும்பூஞ்சணம் என்று என்னால் எழுதித் தர முடியும். சூளைப் புகைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சும்மா எழுதித் தர முடியாது, கண்ணால் காண வேண்டும். கந்தோர்க்காரர்களில் இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு, கேள்விப்பட்ட உடனே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. காட்டுவதற்கு என்ன வழி என்று சந்திரகாந்தா கேட்டார். சூளை அணைந்திருக்கும் இந்த நாட்களே வழி என்றார் அஸ்ரா. தோட்டத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மரத்தை எடுத்து, இரண்டையும் நன்றாகக் கழுவுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதற்கு எறும்பு ஏறாமல் தடை போட்டு, இலையின் அடியில் சவர்க்காரத் தண்ணீர் அடியுங்கள். விசாரணைக்கு நானும் வருகிறேன்.

இப்போது சந்திரகாந்தா ஹாஜியாரிடம் இரண்டு மரம் கேட்க வேண்டும். கேட்டார். ஹாஜியார் முடியாது என்றார். தன் மரத்தை வைத்துத் தனக்கு எதிராகவே சாட்சி தேடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம், அதிலும் நியாயம் இருந்தது. அப்போது கைறுன்னிஸா ராத்தா தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"அறுவதுல ரெண்டு மரந்தானே கேக்குறா. மரம் சொகமானா உங்களுக்குத்தானே நல்லம். குடுத்துப் பாருங்களேன்."

ஹாஜியார் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கணவன் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சந்திரகாந்தா அந்தச் சரிவில் இருந்தார். வேலை இல்லாத பத்தொன்பது பேரில் நான்கு பெண்கள் கூட வந்தார்கள். இரண்டு மரத்தையும் இலை இலையாகத் துணியால் துடைத்தார்கள். ஒரு நாள் முழுக்கத் துடைத்து மரம் பச்சையாக நின்றபோது, ஹாஜியார் ஜன்னலில் நின்று பார்த்ததை நான் கண்டேன். எறும்புத் தடைக்கு என்று வைத்த கீழ் மரத்தின் தண்டில் சந்திரகாந்தா பழைய துணியைச் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் கட்டி, லொறிக்குப் போடும் கிறீஸை விரல் தடிப்பில் பூசினார். பட்டையில் நேராகப் பூசினால் மரத்துக்குக் கேடு என்று அஸ்ரா சொல்லியிருந்தார். சவர்க்காரக் கட்டியைச் சீவிக் கரைத்து, மருந்தடிக்கும் டேங்கில் ஊற்றி, குனிந்து, நிமிர்ந்து, இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தார். ஐந்து நாளுக்கு ஒரு தரம். நானும் போவேன். மேசையில் உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் விழுந்தது இடி. அப்படியே விட்ட மேல் மரத்தில் மினுமினுப்புத் திரும்பி, புள்ளி புள்ளியாகக் கறுப்புத் தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கீழ் மரத்திலும் ஒரு கிளையின் இலைகள் பிசுபிசுவென்று கையில் ஒட்டின. கிறீஸ் அப்படியே இருக்கிறது, ஓர் எறும்புகூட அதைத் தாண்டவில்லை, ஆனால் மேலே எறும்பு இருக்கிறது. ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்லல்லயா?" என்று மட்டும் கேட்டார். சூளையில் அந்தச் செய்தி போனதும் இரண்டு குடும்பம் சாமான் கட்ட ஆரம்பித்தது. நடராஜா தம்புள்ளையில் வேலை விசாரித்துவிட்டு வந்தார்.

சந்திரகாந்தா மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு மரத்தை விட்டுவிட்டு எறும்பைப் பார்க்கத் தொடங்கினார். கிளையிலிருந்து ஓர் எறும்பு புறப்பட்டது. அதன் பின்னாலேயே போனார். எறும்பு கிளையின் நுனிக்கு வந்து, காற்றில் நடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது காற்று இல்லை, கயிறு. மரத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் இடையே கட்டிய, ராத்தா துணி காயப்போடும் பச்சை நைலோன் கயிறு. ஹாஜியாருடைய வெள்ளைச் சாரனின் விளிம்பில் எறும்புகள் வரிசையாக, அவசரமே இல்லாமல், போய்க்கொண்டிருந்தன.

ராத்தா தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். அடுத்த பதின்மூன்று நாள் அந்த வீட்டுத் துணியெல்லாம் வேலியில் காய்ந்தது.

விசாரணை நாள் வந்தது. சுற்றாடல் உத்தியோகத்தர் ஒருவர், கூட ஓர் உதவியாளர், கிராம உத்தியோகத்தர், அஸ்ரா, சூளை முதலாளி, வேலி ஓரமாகச் சூளைச் சனம் முழுவதும். முறைப்படி மனுவை வாசிக்கச் சொன்னார்கள். நானே எழுதியதை நானே வாசித்தேன். சூரியன் கண்ணை மூடிக்கொள்ளும் வரி வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். ஆவணி மாதத்து வெயில் என் வழுக்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு சந்திரகாந்தா பேசினார், சிங்களத்தில், சூளைச் சிங்களத்தில். இருபத்தைந்து நாளாகத் தீ இல்லை என்பதைக் கிராம உத்தியோகத்தரைக் கொண்டே சொல்லவைத்தார். இரண்டு மரத்தையும் ஒரே நாளில் கழுவியதை ராத்தாவைக் கொண்டு சொல்லவைத்தார். பிறகு மேல் மரத்தைக் காட்டினார். கறுத்திருந்தது, புதுத் தளிர்கூட. கீழ் மரத்தைக் காட்டினார். அவிழ்த்த கயிற்றின் தழும்பு தெரியும் கிளைமுதல் உச்சிவரை பச்சை. புகை இல்லாமல் இது கறுத்தது, அதே காற்றில் அது கறுக்கவில்லை என்றார். அவ்வளவுதான். ஓர் அலங்காரம் இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதியதை அவர் இரண்டு மரத்தில் எழுதியிருந்தார்.

உத்தியோகத்தர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டார். சந்திரகாந்தா ஒரு மினுங்கும் இலையைக் கிள்ளிக் கொடுத்து, சுவை பார்க்கச் சொன்னார். உத்தியோகத்தர் அஸ்ராவைப் பார்த்தார். அஸ்ரா தலையாட்டினார். அவர் நாக்கில் வைத்தார், புருவம் மேலே போனது. உதவியாளர் வாங்கி நக்கினார். கிராம உத்தியோகத்தர் நக்கினார். அரசாங்கம் வரிசையாக நின்று தோடை இலை நக்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

கடைசியாக ஹாஜியார் கை நீட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான். நாக்கில் வைத்தார். அப்படியே நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வருகிற இனிப்பு, அதுவும் தன் மரத்திலிருந்து. போதும் போதும் என்று கைறுன்னிஸா ராத்தா இலையைப் பிடுங்கிக்கொண்டார்.

அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சந்திரகாந்தா முடிக்கவில்லை. மேல் வரிசையில் வீதியோரம் நிற்கும் ஆறு மரங்களுக்கு உத்தியோகத்தரை அவரே கூட்டிப் போனார். அந்த இலைகளில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. அதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதலாளியின் முகம் தூசியை விட வெளுத்தது. சந்திரகாந்தா ஹாஜியாரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"வெள்ள எங்களோடது. கறுப்பு எங்களோடது இல்ல."

தூசி படிந்தால் செதிற்பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சிகள் வராது என்று அஸ்ரா விளக்கினார். ஆக அந்த ஆறு மரத்துக்குச் சூளையும் கொஞ்சம் பொறுப்புத்தான். உத்தியோகத்தர் அங்கேயே எழுதினார்: சூளை எரியலாம், கல் சலிக்கும் இடத்துக்குக் கூரையும் வீதிப்பக்கம் மறைப்பும் போட்டு, தூசிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலி ஓரத்திலிருந்து யாரும் கத்தவில்லை. ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சாமான் கட்டிய இரண்டு குடும்பமும் அவிழ்க்கப் போனது. என் மனு தோற்றதற்காக நான் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான்.

அன்று பின்னேரமே ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, முறைப்பாட்டை வாபஸ் வாங்கக் கடிதம் எழுதச் சொன்னார். சந்திரகாந்தாவைச் சாட்சியாகப் போட வேண்டும் என்றார். பழக்கதோஷம் விடுமா? மலையகத்தின் மாணிக்கமாகிய சந்திரகாந்தா என்று ஆரம்பித்துவிட்டேன். கையெழுத்துப் போட வந்தவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பேனையை வாங்கி மாணிக்கத்தை வெட்டினார். அந்த இடத்தில், கோணல் எழுத்தில், சூளையில் வேலை செய்யும் என்று எழுதினார். கந்தோருக்குப் போன கடிதம் அதுதான்.

நான்கு நாள் கழித்துச் சூளைக்கு மறுபடி தீ வைத்தார்கள். எப்போதும் முதல் தீயை முதலாளிதான் வைப்பார். அன்று பந்தத்தைச் சந்திரகாந்தா கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல், குனிந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வைத்தார். விறகு பிடித்தது. கறுத்த புகை எழுந்து சரிவின் மேலாகப் போனது. அறுபது மரத்தின் தண்டிலும் கிறீஸ் பூசிய பட்டி கட்டியிருந்தது. கட்டியவர்கள் சூளைப் பெண்கள்.

ஹாஜியார் ஒரு கூடையோடு மேட்டில் ஏறி வந்தார். கீழ் மரத்துக் காய்கள். பழுக்க இன்னும் மூன்று மாதமாவது இருக்கும், ஆனால் மனிதருக்குப் பொறுக்கவில்லை. பெரியதாக ஒன்றைத் தானே உரித்து, ஒரு சுளையைச் சந்திரகாந்தாவின் கையில் வைத்து, வழக்கம் போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் நாக்கில் வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"எப்பிடி?" என்றார் ஹாஜியார்.

அந்த நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"ஹாஜியார்," என்றார் சந்திரகாந்தா, "உங்க மரத்துல எலதான் இனிப்பு."